சுற்றிப் போனால் சீக்கிரம்

2016 அக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ கிளம்பிய ஏர் இந்தியா போயிங் 777 வழக்கமான திசையில் திரும்பவில்லை. அதுவரை அந்தத் தடத்தில் போன விமானங்கள் மேற்கே ஐரோப்பாவைத் தாண்டி, அட்லாண்டிக்கைக் கடந்து, கனடா வழியாகக் கலிபோர்னியாவில் இறங்கின. அன்று விமானம் கிழக்கே போனது. சீனா, ஜப்பான், பிறகு பசிபிக் பெருங்கடல். பழைய வழி சுமார் 13,900 கி.மீ.; புது வழி சுமார் 15,300 கி.மீ. சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்குப் பறக்கிற தூரம் அளவுக்குக் கூடுதல். ஆனாலும் பதினான்கரை மணி நேரத்தில் போய் இறங்கிவிட்டது. பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம்.

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தக் கணக்கில் தப்பே இல்லை. எந்தத் தூரம், எதைப் பொறுத்த வேகம் என்று கேட்க அங்கே யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகளைப் பார்க்கக் கலிபோர்னியாவுக்குப் போய்வரும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கு இந்தத் தடம் பழக்கமானது. இந்த ஒரு ஜோடி ஊர்களை மட்டும் வைத்தே அந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பார்க்கலாம்.

முதலில் தூரம். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஓடுபாதைகளை ஒட்டி ஒரு குறிப்புப் புள்ளி உண்டு. டெல்லியின் புள்ளி வட அட்சம் 28.6 டிகிரி, கிழக்குத் தீர்க்கம் 77.1. சான் பிரான்சிஸ்கோவுடையது வட அட்சம் 37.6, மேற்குத் தீர்க்கம் 122.4. இந்த இரண்டு புள்ளிகளிலிருந்தும் பூமியின் மையத்துக்குக் கோடு இழுத்தால் நடுவே உண்டாகும் கோணம் ஏறக்குறைய 111.3 டிகிரி. பூமியின் மேற்பரப்பில் ஒரு டிகிரி என்பது 111.2 கி.மீ. பெருக்கினால் 12,380 வரும். செல்போனில் இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் கிடைக்கிற விடையும் இதை ஒட்டித்தான் இருக்கும். பூமி துருவப் பக்கம் கொஞ்சம் தட்டையானது என்பதால் வரும் பிசகு அரை சதவீதத்தைத் தாண்டாது. அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

அந்த 12,400 கி.மீ. கோடு எந்த வழியாகப் போகிறது என்பதுதான் சுவாரசியம். வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் தேடினால் கிடைக்காது. உருண்டையான பூகோளம் ஒன்றை எடுத்து, டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் தெரியும். நூல் கிழக்கேயும் போகாது, மேற்கேயும் போகாது. டெல்லியிலிருந்து ஏறத்தாழ நேர் வடக்கே கிளம்பும். இமயமலையைத் தாண்டி, திபெத்தின் மேற்கு ஓரத்தைத் தொட்டு, சின்ஜியாங், சைபீரியா என்று ஏறி, 75 டிகிரி அட்சத்துக்கும் மேலே ஆர்க்டிக் கடலுக்குள் நுழையும். பிறகு அலாஸ்காவின் வடகோடியில் இறங்கி, கனடாவின் மேற்குக் கரையோரமாகக் கீழே வரும். வெயில் காயும் டெல்லியிலிருந்து வெயில் காயும் கலிபோர்னியாவுக்குப் போக, பனிக்கடல் வழிதான் குறுக்குவழி. பெருவட்டப் பாதை என்று இதைச் சொல்வார்கள்.

ஆக ஒரே ஜோடி ஊர்களுக்கு மூன்று தூரம் கையில் இருக்கிறது: 12,400, 13,900, 15,300. இதில் முதலாவதை அப்படியே பறந்து காட்ட முடியாது.

காரணம் டெல்லியிலிருந்து கிளம்பிய உடனேயே எதிரே நிற்கிறது. விமானம் 10, 11 கி.மீ. உயரத்தில் பறக்கிறது, இமயமலை 9 கி.மீ.கூட இல்லை, பிறகென்ன என்று தோன்றும். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை பிரச்சினையில்லை. கேபினுக்குள் காற்றழுத்தம் திடீரென்று குறைந்தால், பயணிகளின் தலைக்கு மேலிருந்து தொங்கும் முகமூடியில் வரும் ஆக்சிஜன் பெரும்பாலான விமானங்களில் பன்னிரண்டிலிருந்து இருபது நிமிடம்வரைதான் தாங்கும். அதற்குள் விமானி மூன்று கி.மீ. உயரத்துக்கு இறங்கிவிட வேண்டும். திபெத்தில் தரையே சராசரியாக நாலரை கி.மீ. உயரத்தில் இருக்கிறது. இறங்க இடம் ஏது? அதனால் பெரும்பாலான தடங்கள் அந்தப் பீடபூமியைச் சுற்றிக்கொண்டு போகின்றன.

அதைத் தாண்டினால் ரஷ்யா. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒன்றின் விமானங்களுக்கு மற்றொன்று வான்வெளியை மூடின. அமெரிக்க விமான நிறுவனமான யுனைடெட் தன் சான் பிரான்சிஸ்கோ–டெல்லி சேவையையே அப்போது நிறுத்திவைத்தது. ஏர் இந்தியாவுக்கு ரஷ்ய வானம் திறந்தே இருந்தது. ஊர்கள் அதே ஊர்கள், தூரமும் அதே தூரம். ஒரு நிறுவனத்தால் போக முடிகிறது, இன்னொன்றால் முடியவில்லை.

திறந்திருந்தாலும் ஆபத்து இல்லாமல் இல்லை. இரண்டே எஞ்சின் உள்ள விமானம், ஒன்று நின்றுபோனால் மற்றொன்றை வைத்துக் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்டும்படிதான் பாதையை வகுக்க வேண்டும். 2023 ஜூன் 6 அன்று டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானத்தில் எஞ்சின் கோளாறு தென்பட்டு, ரஷ்யாவின் தூரக்கிழக்கில் இருக்கும் மகதான் நகரில் இறக்கினார்கள். 216 பயணிகள், 16 ஊழியர்கள். மாற்று விமானம் வந்து சேரும்வரை அந்தச் சின்ன ஊரில் கிடைத்த இடங்களில் தங்கினார்கள். அலைச்சல்தான், ஆனாலும் அப்படி ஒரு ஓடுபாதை எட்டும் தொலைவில் இருந்ததால்தான் அந்தப் பாதைக்கே அனுமதி.

மேற்குப் பக்கமும் நிம்மதி கிடையாது. டெல்லியிலிருந்து மேற்கே பறந்தால் அரை மணி நேரத்தில் பாகிஸ்தான் எல்லை. 2019 பிப்ரவரியில் பாலாகோட் தாக்குதலை அடுத்து மூடப்பட்ட பாகிஸ்தான் வான்வெளி ஜூலை 16 அன்றுதான் முழுதாகத் திறந்தது. 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய விமானங்களுக்கு மறுபடி மூடினார்கள். குஜராத் பக்கம் இறங்கி அரபிக்கடல் வழியாகச் சுற்ற வேண்டியதாயிற்று. வட அமெரிக்கா போகிற விமானங்கள் சில ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போயின.

இனி வேகத்துக்கு வருவோம். விஷயம் உண்மையில் இங்கேதான் இருக்கிறது.

777 எவ்வளவு வேகத்தில் பறக்கும்? ஒலியின் வேகத்தில் 84 சதவீதம் என்பது வழக்கம். 11 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56 டிகிரி. குளிரில் ஒலி மெதுவாகப் போகும்; தரைமட்டத்தில் மணிக்கு 1,225 கி.மீ. என்றால் அங்கே 1,060தான். அதில் 84 சதவீதம் சுமார் 890. இதற்கு மேல் விரட்டினால் இறக்கையின் மேல்புறத்தில் ஓடும் காற்று ஒலியின் வேகத்தைத் தாண்டி அதிர்வலைகளை உண்டாக்கும். இழுவை கூடி எரிபொருளைக் குடித்துத் தீர்த்துவிடும். 1958-ல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய போயிங் 707-க்கும் இன்றைய விமானங்களுக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லாததற்கு இதுவே காரணம். அறுபது வருட முன்னேற்றமெல்லாம் சிக்கனத்தில் போயிருக்கிறது.

இந்த 890, விமானத்தைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம். காவிரியில் பரிசல் போடுகிறவரைக் கேளுங்கள்: துடுப்புப் போடும் பலம் ஒன்றேயானாலும், நீரோட்டத்தோடு போகும்போது கரை பின்னால் ஓடும், எதிர்த்து வரும்போது கரை நகரவே நகராது. அக்டோபர் 16-ன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 15,300 கி.மீ.யைப் பதினான்கரையால் வகுத்தால் 1,055. காற்றுக்குள் 890-ல் போன விமானம், தரையைப் பொறுத்துச் சராசரியாக மணிக்கு ஆயிரத்தைத் தாண்டிப் போயிருக்கிறது. மீதி 165 கி.மீ. காற்றின் உபயம். அட்லாண்டிக் வழியில் 13,900-ஐப் பதினாறரையால் வகுத்தால் 840. எதிர்காற்று பிடுங்கிக்கொண்டது போக மிஞ்சியது அவ்வளவுதான்.

தரையைப் பொறுத்து ஒலி வேகத்தை ஒட்டிப் பறந்தாலும் பயணிகளுக்கு ஒன்றும் தெரியாது. விமானமும் அதைச் சூழ்ந்த காற்றும் சேர்ந்தே நகர்கின்றன. 2020 பிப்ரவரியில் புயலோடு சேர்ந்த கடுங்காற்றில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. உச்சத்தில் அதன் தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.க்கு மேல். உள்ளே இருந்தவர்களுக்கு அது இன்னொரு இரவுப் பயணம்.

இந்தக் காற்றுக்குப் பெயர் ஜெட் காற்று. வெப்பமண்டலத்தில் காற்று சூடாகி உப்பி நிற்கிறது. துருவப் பக்கம் குளிர்ந்து சுருங்கிக் கிடக்கிறது. அதனால் பத்து கி.மீ. உயரத்தில் பார்த்தால் தெற்கே அழுத்தம் அதிகம், வடக்கே குறைவு. காற்று வடக்கே பாயப் பார்க்கும். சுழலும் பூமி அதை வலப்பக்கம் திருப்பிவிட, கடைசியில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஆறாகிவிடுகிறது. சில நூறு கி.மீ. அகலம், சில கி.மீ. ஆழம். இரு பக்கத்து வெப்ப வித்தியாசம் கூடக்கூட வேகமும் கூடும். சைபீரியாவின் உறைபனியும் பசிபிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஜப்பானுக்கு மேலே குளிர்காலத்தில் அது மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு. விமானங்கள் பறக்கிற உயரமும் இதே உயரம்தான்.

முதலில் இதை முறையாக அளந்தவரும் ஜப்பானியர். ஓயிஷி வசாபுரோ என்ற வானிலை ஆய்வாளர் 1920களில் தத்தேனோ ஆய்வகத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு, தொலைநோக்கியால் தொடர்ந்து பார்த்து, குளிர்கால வானத்தின் உயரத்தில் அசுரக் காற்று வீசுவதைக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று 1926-ல் அதை எஸ்பெரான்டோ மொழியில் எழுதி வெளியிட்டார். எல்லோருக்கும் பொதுவான மொழி என்று உருவாக்கப்பட்டது அது, படித்தவர்கள் சொற்பம். 1944 நவம்பரில் டோக்கியோ மீது குண்டு வீசப் போன அமெரிக்க பி-29 விமானங்கள் ஒன்பது, பத்து கி.மீ. உயரத்தில் அந்தக் காற்றில் மாட்டிக்கொண்டன. காற்றோடு போனால் குறி வைக்க முடியாத வேகம். எதிர்த்துப் போனால் இலக்கை நோக்கி ஊர்கிற வேகம். பதினெட்டு வருடத்துக்கு முன்பே அச்சில் வந்த செய்தி, அவர்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் மேற்கே போகிற விமானத்துக்கு ஊர் எதிர்கொண்டு வராதா என்று பலர் கேட்பார்கள். வராது. காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. நேர்மாறாக, மேற்கே போகும்போதுதான் நேரம் அதிகமாகிறது. சுழற்சிக்கு இதில் பங்கு உண்டென்றால், அது ஜெட் காற்றைத் திருப்பிவிடும் வேலை மட்டும்தான்.

காற்று இப்படி இடத்துக்கு இடம் மாறும்போது, மிகக் குறைந்த தூரப் பாதையும் மிகக் குறைந்த நேரப் பாதையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 1931-ல் எர்ன்ஸ்ட் செர்மெலோ என்ற ஜெர்மன் கணிதவியலாளர் இதைச் சரியான கணக்காகவே வடித்துவைத்தார்: காற்றின் போக்கு இன்னது என்று தெரிந்தால், எந்தக் கணத்தில் மூக்கை எந்தப் பக்கம் திருப்பினால் சீக்கிரம் போய்ச் சேரலாம்? ஆகாயக் கப்பல்கள் பறந்த காலத்துக் கேள்வி. இன்று நிறுவனங்களின் கணினிகள் ஒவ்வொரு விமானத்துக்கும் இதே கணக்கைத்தான் போடுகின்றன.

அதற்கான காற்று முன்னறிவிப்பு லண்டன், வாஷிங்டன் என்று பெயர் கொண்ட இரண்டு உலக மையங்களிலிருந்து வருகிறது. விமானம் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு டிஸ்பாட்சர் என்ற ஊழியர் தயாரிக்கும் பறப்புத் திட்டத்தைப் பார்த்தால் புரியும். பாதையில் வரும் புள்ளிகளின் ஐந்தெழுத்துப் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே உயரம், காற்றின் திசை, காற்றின் வேகம், அங்கே போய்ச் சேரும் நேரம், அப்போது தொட்டியில் மிச்சம் இருக்க வேண்டிய எரிபொருள். வட பசிபிக்கில் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான தடங்களையே அன்றன்றைக்குக் காற்றைப் பார்த்து வரைந்து அறிவித்து வந்திருக்கிறார்கள். இன்று போன விமானமும் நாளை போகிற விமானமும் ஒரே கோட்டில் போகும் என்று எதிர்பார்க்க முடியாது. கோடைக்காலத்தில் ஜெட் காற்று வலுவிழந்து வடக்கே நகர்ந்துவிடும். அப்போது பசிபிக் சுற்றுக்கு அத்தனை லாபமும் இருக்காது.

நேரம் குறைந்தால் எரிபொருளும் குறையும். நிறுவனத்துக்கு நிஜமான கவலை அதுதான். 777-200எல்ஆர் முழுச் சுமையோடு மேலே எழும்போது 347 டன். தொட்டி நிறைய ஊற்றினால் எரிபொருள் மட்டும் 145 டன் வரும். அதில் ஒரு பகுதி, மற்ற எரிபொருளைச் சுமந்துபோவதற்கே எரிகிறது. பதினாறாவது மணிக்குத் தேவையான எண்ணெயை முதல் மணியிலிருந்து தூக்கிக்கொண்டே போக வேண்டுமே. நீண்ட பயணத்தில் கடைசி ஒரு மணியை வெட்டினால், அந்த ஒரு மணிக்கு உரியதைவிட அதிகமாகவே மிச்சமாகும்.

போகும்போது பெற்றதைத் திரும்பும்போது இழந்துவிடுவோமே, கணக்கு நேராகிவிடாதா? ஆகாது. 9,000 கி.மீ., காற்றில்லாமல் 900 வேகம்: போக வர இருபது மணி நேரம். 100 கி.மீ. காற்று வீசினால் போகும்போது 1,000 வேகத்தில் 9 மணி. வரும்போது 800 வேகத்தில் பதினொன்றே கால் மணி. கூட்டினால் இருபதே கால். எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால், அது பிடுங்குவது பின்காற்று கொடுப்பதைவிட எப்போதும் அதிகம்.

டெல்லி–சான் பிரான்சிஸ்கோ தடத்துக்கு மட்டும் இதிலிருந்து தப்பிக்க ஒரு வழி கிடைத்தது. இரண்டு ஊரும் உலக உருண்டையின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. பசிபிக் வழியாகக் கிழக்கே போய், அட்லாண்டிக் வழியாக மறுபடி கிழக்கே பறந்து வீடு திரும்பலாம். இரண்டு பக்கமும் பின்காற்று. 2017 பிப்ரவரி இறுதியில் முழுக்கப் பெண்களே இயக்கிய ஏர் இந்தியா விமானம் இப்படிப் போய், மார்ச் தொடக்கத்தில் டெல்லி திரும்பியது. போய்வந்த பயணம் என்று பார்த்தால் சாதாரணம். வரைபடத்தில் பார்த்தால் உலகத்தையே ஒரு சுற்று.

கடிகாரம் காட்டும் வேடிக்கை தனி. அக்டோபரில் டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். ஞாயிறு அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி, பதினான்கரை மணி நேரம் பறந்து, நடுவில் தேதிக்கோட்டைக் கடந்து இறங்கினால், அங்கே அதே ஞாயிறு காலை 6 மணி. டிக்கெட்டில் இரண்டு மணி நேரப் பயணம் மாதிரி தெரியும். முதுகுக்குத் தெரியும் உண்மை.

அந்த டிக்கெட்டில் இருக்கிற நேரமும் வானத்தில் பறக்கிற நேரம் இல்லை. சக்கரத்திலிருந்து கட்டையை எடுத்து விமானம் நகர்வதிலிருந்து, மறுமுனையில் நின்று கட்டை வைக்கும்வரை உள்ள நேரம் அது. பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதை வரிசை, மேலே வட்டமடிப்பு, அந்தப் பருவத்தின் வழக்கமான காற்று எல்லாவற்றுக்கும் முந்தைய பயணங்களைப் பார்த்துத் தாராளமாக இடம் விட்டே அட்டவணை போடுகிறார்கள். சரியான நேரத்துக்கு வந்த விமானம் என்று பெயர் வாங்க அது வசதி. முப்பது நிமிடம் முன்னதாகத் தரையிறங்கிவிட்டோம் என்று விமானி பெருமையாக அறிவிப்பார். உங்கள் கேட்டில் வேறு விமானம் நிற்கும். எழுந்து பெட்டியை இறக்கியவர்கள் இறக்கியபடியே நிற்க, கடைசியில் கட்டை வைக்கும்போது பார்த்தால் அட்டவணைக்கு இரண்டு நிமிடம்தான் முன்னால்.